நூற்றற் பொறிகளின் தோற்றமும் வளர்ச்சியும்

பவணந்தி முனிவர் தமது நன்னூலின் பாயிரத்திலே, 'நூல்' என்னும் பெயர் ஏட்டு நூலுக்கு எவ்வாறு பொருந்துமென விளக்குமிடத்து ஓர் உவமையை எடுத்தாளுகின்றார். சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், புலவன் நூற்கும் மகளாகவும், அவன் வாய் அவள் கையாகவும், அவன் மதி கதிராகவும் அமைய நூல் முடிவுறும் என்பது அவர் கூற்று. அச்சூத்திரத்தை வகுப்பிலே மனனஞ் செய்த நம்மிற் பலர் அதன் இலக்கணப் பயனை மாத்திரங் கண்டு, அது நூற்றற்றொழிலின் வரலாற்றுக்கும் ஒரு சான்று என்பதை மறந்துவிடுகின்றோம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தமிழ்நாட்டில் நூல் நூற்பதற்கு வேண்டப்பட்டவை பஞ்சு, கதிர், கை, அக்கைக்குரிய ஒரு பெண் என்பன மாத்திரமே. உலகில் வேறெங்கும் நிலைமை பெரிதும் வேறாக இருக்கவில்லை. அடுத்த ஐந்து நூற்றாண்டுகளிலும் அஃது அதிகம் மாறவுமில்லை. பின்னர் இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில், ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குள், அந்நான்கினுள்ளே பஞ்சும் கதிரும் எஞ்ச, கையும் பெண்ணும் நீங்கினர். அந்த மாற்றத்தின் வரலாறே ஈண்டுக் கூறப்படுவது.

முதலில் நூற்றல் என்பது யாதென்பதைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். பருத்தியின் தனியிழை ஓரங்குல அளவே நீளமுடையது. கொட்டை நீக்கிச் சிக்கெடுத்த பஞ்சைத் திரியாக்கி, அத்திரியை மெல்ல இழுத்து மெலியச் செய்து, மெலிந்ததை முறுக்கி உறுதிப்படுத்தி, முறுக்கியதைக் கதிரிலே சுற்ற வேண்டும். இழுத்தல், முறுக்கல், சுற்றல் என்னும் இம்மூன்றே நூற்றற்றொழில். இவற்றுள் முறுக்கலையும் சுற்றலையும் சுழலும் கதிர் செய்துவிடும். தக்களியாயினும் இராட்டினமாயினும் அதன் பணி அதுவே. இழுத்தலை மாத்திரம் விரல்கள் செய்தன. ஓரிடத்தில் திரி தடிப்பாக வருகின்றதா, மெலிந்து அறுந்துபோக நிற்கின்றதா என்பதைப் பெருவிரலும் சுட்டுவிரலும் கண்ணின் உதவியின்றியே உணர்ந்துகொள்ளும். இவ்வுணர்ச்சி சிறு பருவந்தொட்டுப் பழகுவதால் வருவது. ஆகவே, பொறி செய்ய முயன்றோர் எல்லாருக்கும் எதிர்நின்ற வினா ஒன்றே: விரல்களின் வேலையை மரத்தாலும் இரும்பாலும் எவ்வாறு செய்விப்பது?

இவ்வினா இங்கிலாந்திலே ஏன் எழுந்தது? இந்தியப் பருத்தியாடைகளே அதற்குக் காரணம் என்று கூறுதல் மிகையாகாது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் குசராத்திலிருந்தும் கொண்டுசென்ற துணிகளிலே ஆங்கில மக்களுக்குப் பெருமோகம் உண்டாயிற்று. அவை இலேசானவை, துவைத்தாற் சாயம் போகாதவை, விலையும் மலிந்தவை. கம்பளியும் பட்டும் நெய்வோர் கலகஞ் செய்தனர். அதன் பயனாக, அச்சிட்ட இந்தியத் துணிகளின் இறக்குமதியை 1700ஆம் ஆண்டின் சட்டமும், அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தலையே 1721ஆம் ஆண்டின் சட்டமும் தடுத்தன. அயல்நாட்டுப் பண்டத்தைச் சட்டத்தினால் தடுத்து, அத்தடையின் மறைவிலே உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் முறையை இக்காலத்தில் வறிய நாடுகள் கையாளும்போது பொருளியலாளர் குறைகூறுவதுண்டு. இலங்காஷயரின் பருத்தித் தொழில் அம்முறையாலேயே வளர்ந்தது என்பதை அவர்கள் அத்தருணத்தில் நினைவுகூர்வதில்லை.

ஆயினும் இலங்காஷயர் நெய்த துணி முழுப் பருத்தித் துணியன்று. நெசவிலே நீளவாட்டில் நிற்கும் பாவு நூல் தறியின் இழுவையைத் தாங்க வல்லதாயிருத்தல் வேண்டும். குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு அவ்வளவு உறுதி வேண்டியதில்லை. இந்தியப் பெண்கள் இரண்டுக்கும் ஏற்ற நூலைப் பருத்தியிலேயே நூற்றனர். ஆங்கிலப் பெண்கள் இராட்டினத்தில் நூற்ற பருத்தி நூலோ பாவுக்குப் போதிய உறுதி பெறவில்லை. எனவே பாவுக்குச் சணல்வகை நூலாகிய 'லினன்' நூலையும் ஊடைக்குப் பருத்தி நூலையும் இட்டு அவர்கள் கலப்புத் துணியே நெய்தனர். இந்தக் குறைபாடு நினைவிற்கொள்ளத்தக்கது. பின்வந்த பொறிகளின் வெற்றி தோல்விகள் யாவும் 'பாவுக்கு ஏற்ற பருத்தி நூல்' என்பதனோடு தொடர்புடையவை.

1733ஆம் ஆண்டிலே பெரி என்னும் ஊரினரான ஜோன் கே என்பவர் தறியின் நாடாவைக் கையால் எறியாது கயிற்றை இழுத்து ஓடச்செய்யும் உபாயத்தைக் கண்டார். இதனை நெசவாளர் முதலில் எதிர்த்தனர். கே மனமுடைந்து பிரான்சுக்குச் சென்று அங்கேயே இறந்தார். ஆனால் அவர் நாடா பையப்பையப் பரவி 1760ஐ அடுத்த ஆண்டுகளிற் பருத்தித் தறிகளிலும் புகுந்தது. முன்னரே ஒரு நெசவாளருக்கு நூல் கொடுக்க நான்கு பேர் தொடக்கம் எட்டுப் பேர் வரை நூற்க வேண்டியிருந்தது. தறி விரைவடைந்ததும் நூற்பஞ்சம் மிகுந்தது. நெசவாளன் காலையில் எழுந்து வீடுவீடாக நடந்து நூல் சேகரித்த பின்னரே தறியில் அமரக்கூடிய நிலை உண்டாயிற்று. இலண்டனிலிருந்த கலைக்கழகம், ஒருவர் இயக்க ஒரே வேளையில் ஆறு இழைகளை நூற்கும் பொறிக்கு 1761இற் பரிசு அறிவித்தது.

இதற்கெல்லாம் முன்னரே, 1738இல், விரல்களின் வேலையைப் பொறியாற் செய்விக்கும் வழியை இருவர் கண்டிருந்தனர் என்பது பாடநூல்களிற் பெரும்பாலும் விடுபடும் செய்தி. லூயிஸ் போல், ஜோன் வையற் என்போர் அவ்விருவர். திரியை ஒரு சோடி உருளைகளுக்கிடையே செலுத்தி, அதனினும் விரைவாகச் சுழலும் இன்னொரு சோடியினூடே இழுத்தால் திரி தானே மெலியும் என்பது அவர்களின் கருத்து. இதனினும் எளிய கருத்து வேறில்லை. இன்றுவரை நூற்றல் ஆலைகள் இதனையே கைக்கொள்கின்றன. ஆக்கவுரிமையும் போலின் பெயரிற் கிடைத்தது. பர்மிங்காமில் கழுதைகளைக் கொண்டு இயக்கிய ஓர் ஆலையும், பின்னர் நோர்தாம்ரனில் நீர்ச்சில்லினால் இயங்கிய ஓர் ஆலையும் நிறுவப்பட்டன. பேரறிஞர் சாமுவேல் ஜோன்சன் போலின் நண்பராயிருந்து அவருக்காகப் பரிந்து கடிதமும் எழுதினார். அத்தனையும் இருந்தும் முயற்சி நிலைக்கவில்லை. உருளைச் சோடிகளுக்கிடையே எவ்வளவு தூரம் இருத்தல் வேண்டும், மேலுருளை எவ்வளவு பாரத்தோடு அழுத்துதல் வேண்டும் என்பவற்றை அவர்கள் சரிவர அறிந்திலர். இழையின் நீளத்தினும் இடைவெளி மிகக் கூடினால் நூல் கட்டிகட்டியாக வரும். குறைந்தால் இழைகள் இரு சோடிகளாலும் ஒருங்கே பற்றப்பட்டு அறுந்துபோகும். ஓரங்குலத்தின் ஒரு சிறு பகுதியே முப்பது ஆண்டுத் தாமதத்துக்குக் காரணமாயிற்று.

அடுத்து வந்தவர் பிளாக்பேணுக்கு அணித்தான ஸ்ரான்ஹில் என்னும் சிற்றூரினரான ஜேம்ஸ் ஹாகிறீவ்ஸ். இவர் நெசவாளரும் தச்சருமாவர். 1764ஐ ஒட்டி இவர் அமைத்த பொறி 'ஸ்பினிங் ஜெனி' எனப் பெயர்பெற்றது. அவர் மகள் ஜெனி இராட்டினத்தைத் தட்டி வீழ்த்தினாள் என்றும், நிலத்திற் கிடந்தபடியே கதிர் நிமிர்ந்து சுழல்வதைத் தந்தை கண்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதை இனியதே. ஆயினும் அவ்வூர்த் தேவாலயப் பதிவேட்டிற் காணப்படும் அவர் புதல்வியரில் ஜெனி என்னும் பெயருடையாள் ஒருத்தியுமில்லை. மனைவியின் பெயரும் அதுவன்று. பொறியைக் குறிக்கும் 'எஞ்சின்' என்னும் சொல்லே நாட்டார் வழக்கிற் 'ஜெனி' எனத் திரிந்தது என்று கொள்வதே பொருத்தம். ஹாகிறீவ்ஸ் எட்டுக் கதிர்களை வரிசையாக நிறுத்தி, எட்டுத் திரிகளையும் ஒரு மரச்சட்டத்தாற் பற்றி ஒருங்கே இழுத்தார். ஒரு கையாற் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு மறுகையாற் சட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்திய ஒருவர் எட்டுப் பேரின் வேலையைச் செய்தார். பின்னர் கதிர்கள் பதினாறாகி எண்பதாகி அதற்கு மேலும் பெருகின. ஆனால் ஜெனியின் நூல் மென்மையானது, ஊடைக்கே உதவியது. அன்றியும் அது கையால் இயங்கும் வீட்டுப்பொறி. 1768இல் அயலவர் சிலர் அவர் வீட்டிற் புகுந்து பொறிகளை உடைத்தனர். அவர் நொற்றிங்காமுக்குக் குடிபெயர்ந்து 1770இல் ஆக்கவுரிமை பெற்றார். அதற்கு முன்னரே சில பொறிகளை விற்றுவிட்டமையால் அவ்வுரிமை சட்டத்தின்முன் நிற்கவில்லை. 1778இல் அவர் காலமானார்.

இனி, இவ்வரலாற்றிலே பெருஞ்செல்வம் ஈட்டிய ஒருவரைக் காண்போம். றிச்சட் ஆர்க்கிறைற் 1732இல் பிறெஸ்ரன் நகரில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர். மயிர்வினைஞர், பின்னர் ஊரூராகச் சென்று பெண்களின் கூந்தலை விலைக்கு வாங்கிப் பொய்ம்முடி செய்வித்து விற்றவர். இவ்வாறு அலைந்த காலத்தில் நூற்றற்பொறி பற்றிய பேச்சு இவர் செவியில் விழுந்திருத்தல் வேண்டும். லீ என்னும் ஊரினரான தோமஸ் ஹைஸ் என்பவர் உருளைப்பொறியொன்றைச் செய்ய முயன்றார் என்றும், அவருக்கு உதவிய கடிகாரத் தொழிலாளர் ஒருவரிடமிருந்து ஆர்க்கிறைற் அதன் மருமத்தை அறிந்தார் என்றும் வழக்கு மன்றத்திற் கூறப்பட்டது. அக்கடிகாரத் தொழிலாளரின் பெயரும் ஜோன் கே என்பதே. நாடா கண்ட கே வேறு, இவர் வேறு. மாணவர் விடைத்தாள்களிலே இவ்விருவரும் ஒருவராகிவிடுவது வழக்கமாதலின் இதனை இங்கு விதந்து கூற நேர்ந்தது.

1769இல் ஆர்க்கிறைற் ஆக்கவுரிமை பெற்ற பொறியில் உருளைச் சோடிகளின் இடைவெளி இழையின் நீளத்துக்கு ஏற்ப அமைந்திருந்தது. மேலுருளைகளிலே பாரந் தொங்கவிடப்பட்டது. போலும் வையற்றும் தவறிய இடம் அதுவே. நூல் உறுதியாக வந்தது, பாவுக்கு உதவியது. ஆங்கிலேயர் முழுப் பருத்தித் துணி நெய்யும் காலம் பிறந்தது. 1721ஆம் ஆண்டின் தடை உள்நாட்டுப் பருத்தித் துணியைப் பொறுத்தவரை 1774இல் நீக்கப்பட்டமைக்கும் ஆர்க்கிறைற்றின் விடாமுயற்சியே காரணம். முதலிலே குதிரைகளைக் கொண்டு நொற்றிங்காமிலும், 1771 தொடக்கம் நீர்வலுவைக் கொண்டு டாபிஷயரிலுள்ள குறொம்போட் என்னும் பள்ளத்தாக்கிலும் அவர் ஆலை அமைத்தார். ஆகையினாற் பொறிக்கு 'நீர்ச்சட்டம்' என்னும் பெயர் வாய்த்தது. காலுறை வணிகராகிய ஜெடிடையா ஸ்ரற், சாமுவேல் நீட் ஆகியோர் முதலீடு செய்தனர். குறொம்போட்டை அவர் தெரிந்ததிற் கூர்மதி உண்டு. ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்த சற்றே வெதுவெதுப்பான நீர் அங்கே ஓடியது. கடுங்குளிரிலும் அது உறைவதில்லை. ஆலையோ பகலும் இரவும் மாறிமாறி இயங்கியது.

ஆர்க்கிறைற் எதனையும் புதிதாகக் கண்டவரல்லர், பிறர் கண்டவற்றைக் கவர்ந்தவர் என்பது அக்காலத்திலேயே எழுந்த குற்றச்சாட்டு. 1775இற் பஞ்சைச் சிக்கெடுக்கும் பொறி முதலியவற்றுக்கு அவர் பெற்ற ஆக்கவுரிமை 1785இல் நடந்த வழக்கின் பின் நீக்கப்பட்டது. அவ்வழக்கிலே ஹைஸும் கடிகாரக் கேயும் ஹாகிறீவ்ஸின் மனைவியும் மகனும் அவருக்கு எதிராகச் சாட்சியம் அளித்தனர். நீதிமன்றின் முடிபு நியாயமானதென்றே இக்கட்டுரையாளன் கருதுவான். ஆயினும் உருளை ஒருவரது, கதிர் ஒருவரது, சில்லு ஒருவரது எனப் பிரித்துக் கொடுத்தபின்னும் எஞ்சுவது ஒன்றுண்டு. பஞ்சு ஒரு வாயிலாற் புகுந்து, சிக்கெடுத்தல், திரியாக்கல், நூற்றல் என்னும் படிகள் அனைத்தையும் ஒரே கூரையின் கீழ், ஒரே வலுவினாற் கடந்து, மறுவாயிலால் நூலாக வெளிவரும் ஒழுங்கு அவருடையது. மணியோசைக்கு வேலை தொடங்கி மணியோசைக்கு நிறுத்தும் மனிதர் கூட்டத்தையும் அவரே உருவாக்கினார். தொழிற்சாலை என நாம் இன்று கூறுவது அதனையே. 1786இல் 'சேர்' பட்டம் பெற்று, 1792இல் இறக்கும்போது ஏறக்குறைய ஐந்து இலட்சம் பவுன் செல்வம் உடையவராயிருந்தார்.

அவருக்கு நேர்மாறான விதி சாமுவேல் குறொம்ரனுக்கு வாய்த்தது. 1753இற் போல்ரன் நகருக்கு அண்மையிற் பிறந்த இவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். கண்டிப்பு மிகுந்த தாய் நாள்தோறும் இவ்வளவு நூல் நூற்றாக வேண்டுமென்று விதித்திருந்தார். ஜெனியிலே நூற்கும்போது இழை அடிக்கடி அறுந்தது. அறுந்த இழையைப் பொருத்திப் பொருத்திச் சலித்த அச்சிறுவனின் எரிச்சலே பின்னாளில் ஒரு பொறியாயிற்று எனலாம். 'ஹோல் இன் த வூட்' என்னும் பழைய மாளிகையின் ஒரு பகுதியிலே குடியிருந்து, 1774 தொடக்கம் 1779 வரை ஐந்தாண்டு இரகசியமாக உழைத்தார். கருவிகள் வாங்கப் பணம் வேண்டும். போல்ரன் நாடகக் கொட்டகையில் இரவுதோறும் பிடில் வாசித்து அதனைத் தேடினார். 1779இற் பொறியுடைப்போர் கலகம் மூண்டபோது பொறியைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கூரையின் உட்புறத்தில் மறைத்துவைத்தார்.

அவர் செய்தது இதுவே: ஆர்க்கிறைற்றின் உருளைகளையும் ஹாகிறீவ்ஸின் நகரும் சட்டத்தையும் ஒன்றுசேர்த்தார். ஆனால் நகர்ந்தது திரியன்று, கதிர்கள். உருளைகள் திரியை மெலிவித்து வெளிவிட, கதிர்கள் நிறைந்த வண்டியொன்று உருளைகளிலிருந்து விலகி ஓடும். ஓடும்போதே இழை முறுக்குண்ணும். உருளைகள் நின்றபின்னும் வண்டி சிறிது தூரம் ஓடி இழையை மேலும் இழுத்து மெலிவிக்கும். திரும்பி வரும்போது நூல் கதிரிலே சுற்றப்படும். தடித்த இடங்களிலே முறுக்குக் குறைவாதலால் அவையே இளகி நீண்டு, நூல் முழுவதும் ஒரே சீராகும். விரலின் உணர்ச்சிக்கு மிக அண்மையில் வந்த பொறி இதுவே. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதைபோல இரண்டு பொறிகளின் கலப்பாயிருந்தமையால் இதனை 'மியூல்' என அழைத்தனர். டாக்கா மசிலினுக்கு ஒப்பான மெல்லிய துணிக்கு ஏற்ற நூல் இலங்காஷயரில் முதன்முறையாக நூற்கப்பட்டது.

இவ்வளவு நுண்ணிய நூல் எங்கிருந்து வருகின்றது என அறிய வணிகர் போல்ரனை மொய்த்தனர். ஏணி வைத்து ஏறி யன்னல் வழியே எட்டிப் பார்த்தோரும் உளர். ஆக்கவுரிமை பெறும் வசதி குறொம்ரனுக்கு இல்லை. பொறியை அழித்துவிடுதல் அல்லது அனைவருக்கும் கொடுத்துவிடுதல் என்னும் இரண்டே வழிகள் எஞ்சின. ஆலைக்காரர் தத்தம் பெயருக்கெதிரே ஒரு தொகை எழுதிக் கையொப்பமிட, அவர் பொறியைக் காட்டிவிட்டார். கையொப்பமிட்டோர் ஏறக்குறைய எண்பது பேர். கைக்கு வந்தது அறுபது பவுன் அளவே. எழுதிய சில்லறைத் தொகையையும் கொடாது மறுத்தவர் சிலர்.

முப்பது ஆண்டுகள் கழிய, 1811இல், அவர் தாமே ஆலைதோறும் சென்று கணக்கெடுத்தார். ஜெனிக் கதிர்கள் 1,55,880. நீர்ச்சட்டக் கதிர்கள் 3,10,516. மியூற் கதிர்களோ 46 இலட்சம். இக்கணக்கோடு அவர் பாராளுமன்றத்தை அடைந்தார். பிரதம மந்திரி ஸ்பென்சர் பேர்சிவல் இவருக்கு 20,000 பவுன் வழங்கும் யோசனையுடன் சபைமண்டபத்துள் வந்துகொண்டிருந்தபோதுதான் சுட்டுக் கொல்லப்பட்டார் என்றும், குறொம்ரன் அன்று அங்கே நின்றார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. பேர்சிவல் 1812 மே 11ஆந் திகதி சுடப்பட்டது வரலாற்றுண்மை. பின்னர் பாராளுமன்றம் வழங்கியது 5,000 பவுன். அதுவும் தொழில் நட்டத்திற் கரைந்தது. 1827இல் வறியவராகவே குறொம்ரன் இறந்தார். போல்ரன் நகரத்தார் 1862இல் அவருக்குச் சிலை எடுத்தனர்.

இப்பொறிகளின் பயனை எண்களாற் காண்பது நன்று. நூறு இறாத்தற் பஞ்சை நூற்க இந்தியக் கைந்நூற்பாளருக்கு 50,000 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும் என்பது ஒரு கணிப்பு; குறொம்ரனின் மியூலுக்கு 1780இல் 2,000 மணித்தியாலம்; வலுவினால் இயங்கிய மியூலுக்கு 1795இல் 300 மணித்தியாலம். ஓர் இறாத்தல் பஞ்சிலிருந்து 840 யார் நீளமான சிட்டங்கள் எத்தனை கிடைக்கின்றனவோ அதுவே நூலின் இலக்கம். நூறாம் இலக்க நூலில் ஓர் இறாத்தல் 1786இல் 38 சிலிங்குக்கு விற்றது. 1807இல் அதன் விலை 6 சிலிங் 9 பென்ஸ். பிரித்தானியா 1780இல் இறக்குமதி செய்த பஞ்சு எழுபது இலட்சம் இறாத்தலிலும் குறைவு. 1800இல் அது ஐந்து கோடியைக் கடந்தது. நொற்றிங்காமுக்கு அண்மையிலுள்ள பாப்பிள்விக்கில் 1785இல் உவாற்றின் நீராவிப்பொறி நூற்றலாலையை இயக்கிய பின்னர் ஆற்றங்கரையை நாடவேண்டிய தேவையும் அற்றது. ஆலைகள் மான்செஸ்ரரை நோக்கிப் பெயர்ந்தன.

ஆனால் எண்களைக் கூறி அமைந்துவிடுதல் வரலாறாகாது. ஆலைகளில் வேலை செய்தோர் யாவர்? ஆர்க்கிறைற் தமது ஆலைக்கு ஆள் தேடியபோது, பிள்ளைகள் பலருள்ள குடும்பங்களையே விரும்பி அழைத்தார். அறுந்த இழையை ஒட்டவும், ஓடும் மியூலின் கீழ்த் தவழ்ந்து கழிவுப் பஞ்சைப் பொறுக்கவும் சிறு கைகளும் சிறு உடல்களும் வேண்டப்பட்டன. ஆதரவற்றோர் விடுதிகள் தம்மிடமிருந்த பிள்ளைகளை வண்டியேற்றித் தொலைவிலுள்ள ஆலைகளுக்கு அனுப்பின. றொபேட் பிளின்கோ என்னும் சிறுவன் 1799இல் ஏழு வயதளவில் இலண்டனிலிருந்து அவ்வாறு அனுப்பப்பட்டவன். அவன் பட்ட துன்பங்கள் 1828இல் வெளிவந்தபோது ஆங்கில மக்கள் வெட்கினர். 1802இலும் 1819இலும் இயற்றப்பட்ட சட்டங்களைக் கண்காணிக்க உத்தியோகத்தர் இலர். ஆகவே அவை ஏட்டளவில் நின்றன. 1833ஆம் ஆண்டின் சட்டமே ஒன்பது வயதுக்குட்பட்டோரை நெசவாலைகளிலிருந்து விலக்கி, பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கு வாரத்துக்கு 48 மணித்தியாலம் என வரையறுத்து, நான்கு பரிசோதகரை நியமித்தது. அவர்களுக்கு நாளுக்கு இரண்டு மணித்தியாலப் பாடமும் விதித்தது. ஆசிரியராயிருப்போர் இவ்விறுதி விதியைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். ஒன்பது மணித்தியாலம் ஆலையில் நின்ற பிள்ளை அந்த இரண்டு மணித்தியாலத்தில் என்ன கற்றிருக்கும்!

மற்றொரு கொடுமை கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது. பொறிகளின் பசிக்கு மேற்கிந்தியத் தீவுகளின் பஞ்சு போதவில்லை. ஏலி விற்னி 1793இற் கொட்டை நீக்கும் பொறியை அமைத்ததும் அமெரிக்கத் தென்மாநிலங்கள் பருத்திக் காடாயின. 1790இல் ஏறக்குறைய ஏழு இலட்சமாயிருந்த அந்நாட்டு அடிமைகளின் தொகை 1860இல் நாற்பது இலட்சத்தை அணுகியது. மனிதனின் கைவேலையைக் குறைத்த பொறி வேறோரிடத்திற் கைகளுக்கு விலங்கிட்டது.

மியூல் தொடர்ந்து திருந்தியது. திறன்மிக்க மியூற் றொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்யவே, ஆலை முதலாளிகளின் வேண்டுகோட்படி மான்செஸ்ரர்ப் பொறிவல்லுநர் றிச்சட் றொபேட்ஸ் 1825இலும் 1830இலும் தானியங்கு மியூலை உருவாக்கினார். அமெரிக்காவில் ஜோன் தோர்ப் 1828இல் வளைய நூற்றலுக்கு ஆக்கவுரிமை பெற்றார். இதில் வண்டி ஓடுவதில்லை, இழுத்தலும் முறுக்கலும் சுற்றலும் இடைவிடாது ஒருங்கே நிகழும். இலங்காஷயர் தன் மியூலை விட மனமின்றி நெடுங்காலம் பற்றிநிற்க, பம்பாயில் 1854இல் நிறுவப்பட்ட முதலாலையைத் தொடர்ந்து எழுந்த இந்திய ஆலைகளும், ஜம்சேத்ஜி தாதா 1877இல் நாகபுரியில் தொடங்கிய எம்பிரஸ் ஆலையும், பின்னர் யப்பானும் வளையக் கதிரைத் தழுவின. நாற்பது நம்பரும் அறுபது நம்பரும் விற்ற சந்தைகள் ஒவ்வொன்றாக மான்செஸ்ரரின் கையை விட்டகன்றன.

தோர்ப் உரிமை பெற்ற அதே 1828ஆம் ஆண்டில், வங்காளத்தின் 'சமாசார் தர்ப்பண்' என்னும் பத்திரிகையிலே சாந்திபூரிலிருந்து ஒரு கைம்பெண் எழுதியதாக ஒரு முறையீடு வெளிவந்தது. கணவனை இழந்தபின் இராட்டினமொன்றையே துணையாகக் கொண்டு நூற்றுக் குடும்பத்தைக் காத்து, புதல்வியரையும் மணஞ்செய்து கொடுத்தவள் அவள். நெய்வோர் அவள் வீட்டுக்கே வந்து நூலை வாங்கிச் சென்ற காலம் ஒன்றிருந்தது. இப்பொழுது எவரும் வருவதில்லை. சீமை நூல் மலிவாக வருகின்றது என அறிகின்றாள். இங்கு நாம் ஒன்றை உய்த்துணர வேண்டும்: இந்திய நெசவாளன் சீமை நூலை வாங்கி நெய்து மேலும் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தான்; முதலில் வீழ்ந்தவர் நூற்ற பெண்களே. இங்கிலாந்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஊரூராக இராட்டினம் சுழற்றி வீட்டுச் செலவில் ஒரு பங்கைத் தாங்கிய பெண்கள் பேரிரைச்சலின்றியே அவ்வருவாயை இழந்தனர். மணமாகாப் பெண்ணைக் குறிக்க 'நூற்பவள்' என்னும் பொருளுடைய 'ஸ்பின்ஸ்ரர்' என்னும் ஆங்கிலச் சொல் மாத்திரம் வழக்கில் நின்றது.

சாந்திபூர்க் கைம்பெண்ணின் முறையீட்டில் உள்ளத்தைத் தொடும் பகுதி மற்றொன்று. சீமையிலுள்ளோர் யாவரும் செல்வர் என இதுவரை நினைத்திருந்ததாகவும், அங்கும் தன்னினும் ஏழைப் பெண்கள் உளர் என்பதை இப்போது உணர்வதாகவும் அவள் கூறுகின்றாள். இவ்வளவு பாடுபட்டு நூற்றதை அங்கே விற்கவியலாமற்போலும் இவ்வளவு தூரம் அனுப்புகின்றார்கள் என இரங்குகின்றாள். பொறியை அவள் கண்டதில்லை. நூல் என்றால் அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் கை இருக்கும் என்பதே அவள் அறிந்தது.

அம்முறையீட்டைப் பின்னாளிற் காந்தியடிகள் தமது 'யங் இந்தியா' இதழில் மறுபடி வெளியிட்டார். 1931ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் சென்ற அவர், செப்தெம்பர் மாத இறுதியில் இலங்காஷயரிலுள்ள டாவின் நகரத்துக்கும் போனார். இந்தியச் சந்தை குன்றியமையால் வேலையிழந்திருந்த ஆலைத்தொழிலாளர் பலர் அங்கு இருந்தனர். அவர்கள் குறைகளைக் கேட்டார். இந்தியக் கிராமங்களின் வறுமையையும் அவர்களுக்கு எடுத்துரைத்தார். ஆலைப் பெண்கள் நடுவே அரையாடையுடன் அவர் நிற்க, அப்பெண்கள் கையுயர்த்தி ஆர்ப்பரிக்கும் நிழற்படம் இன்றும் கிடைக்கின்றது. குறொம்ரன் தம் கையாற் செய்த மியூல்களிலே எஞ்சிய ஒன்று, அவ்விடத்திலிருந்து சில மைல் தூரத்திலுள்ள போல்ரன் நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது.